எல்லை கடந்த துப்பாக்கி

ஐக்கிய அமெரிக்காவில் போலீஸ் உத்தியோகத்திலிருந்து முறைப்படி விலகிய ஒருவர், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கைத்துப்பாக்கியை மறைவாகத் தரித்துக்கொண்டு அந்நாட்டின் 50 மாகாணங்களிலும் சஞ்சரிக்கலாம். 2004-ஆம் வருஷம் ஜூலை 22-ந் தேதி பிரஸிடெண்ட் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் இந்தச் சலுகையை அளித்தது. இருபது வருஷங்களுக்கு மேலாக அமலில் இருந்துவரும் இந்தச் சட்டம், அதன் பலனை அனுபவிப்போரில் சிலரிடம் ஒரு விபரீத எண்ணத்தையும் உண்டாக்கியிருக்கிறது. நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் செல்லும் சீட்டு, கனடாவிலும் மெக்ஸிகோவிலும் லண்டனிலும் ஏன் செல்லக்கூடாது என்பதே அந்த எண்ணம். முப்பது வருஷம் திருடர்களையும் கொலைகாரர்களையும் பிடித்துச் சிறைக்கு அனுப்பியவன், பென்ஷன் வாங்கி உல்லாசப் பிரயாணம் போகும்போது மாத்திரம் வெறுங்கையனாகப் போகவேண்டுமா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

கேட்பவர்கள் துஷ்டர்கள் அல்லர். ஆகையால் கேள்வியைப் பரிகசித்துத் தள்ளிவிடுவது முறையாகாது. நமக்கு இதில் என்ன அக்கறை என்று நேயர்கள் நினைக்கவும் வேண்டாம். பணியிலிருந்து விலகிய அன்னிய ஆயுததாரிகள் நமது கரையோரத்தில் வந்து நின்ற சம்பவத்தைத் தூத்துக்குடி மறந்திருக்க முடியாது. வெள்ளையனுக்கு ஒரு ஆயுத விதி, கறுப்பனுக்கு ஒரு ஆயுத விதி என்று இருந்த காலத்தையும் இத்தேசம் இன்னும் மறந்துவிடவில்லை.

முதலில் அமெரிக்கச் சட்டத்தையே பார்ப்போம். அது கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் துப்பாக்கியை நீட்டிவிடும் சட்டம் அன்று. உத்தியோகஸ்தர் நற்பெயருடன் விலகியிருக்க வேண்டும். மொத்தம் பத்து வருஷமாவது உழைத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் பதினைந்து வருஷம் என்றிருந்ததை 2010-ஆம் வருஷத்தில் பத்தாகக் குறைத்தார்கள். உத்தியோகத்தினால் ஏற்பட்ட அங்கவீனத்தால் விலகியவர்களுக்கு இந்தக் கெடு இல்லை. வருஷத்திற்கு ஒரு முறை தம் சொந்தச் செலவில் குறி சுட்டுத் தேர்ச்சி காட்டவேண்டும். குடிபோதையில் துப்பாக்கியைத் தொடக்கூடாது. மனநிலை சரியில்லை என்று அதிகாரபூர்வமாக முடிவு செய்யப்பட்டவருக்குச் சலுகை கிடையாது. தாம் வேலை பார்த்த இலாகா கொடுத்த, படம் ஒட்டிய அடையாளச் சீட்டைக் கையில் வைத்திருக்கவேண்டும். இயந்திரத் துப்பாக்கியும், சத்தத்தை அடக்கும் கருவியும் இந்தச் சலுகையில் சேரா.

இந்த நிபந்தனைகளை நாம் குறை கூறவில்லை. துப்பாக்கி வைத்திருப்பது பிறப்புரிமை என்று கருதும் ஒரு தேசத்தில், வருஷந்தோறும் பரீட்சை கொடுக்கும் ஒரு கூட்டம் இருப்பது நல்லதுதான். ஆனால் சட்டத்தின் வாசகத்தைக் கவனிக்கவேண்டும். மாகாணங்களின் சட்டத்திலும், மாகாணத்துக்கு உட்பட்ட ஊராட்சி, நகராட்சி விதிகளிலும் என்ன சொல்லியிருந்தபோதிலும் இவர் துப்பாக்கி தரிக்கலாம் என்பதே அதன் சாரம். மாகாணச் சட்டம் என்று மாத்திரமே சொல்லியிருக்கிறது. அமெரிக்க மத்திய சர்க்காரின் சட்டங்களைக்கூட அது மீறவில்லை. மத்திய சர்க்கார் கட்டடங்களுக்குள் இந்தச் சீட்டு செல்லாது. தம் நிலத்தில் ஆயுதம் கூடாது என்று சொல்லத் தனி மனிதர்களுக்கு மாகாணச் சட்டம் உரிமை கொடுத்திருந்தால் அந்த உரிமையும் அப்படியே நிற்கிறது. விமானத்தில் துப்பாக்கியுடன் அமரும் பாக்கியம், உத்தியோக காரியமாகச் செல்லும் பணியிலுள்ள போலீஸாருக்கே உண்டு. விலகியவர், மற்றப் பிரயாணிகளைப் போலவே, ரவை நீக்கிய துப்பாக்கியைப் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, உள்ளதைச் சொல்லி, சாமான்களோடு அனுப்பவேண்டியதுதான். சொந்த நாட்டின் ஆகாயத்திலேயே செல்லாத சீட்டு, அன்னிய நாட்டின் வீதியில் எப்படிச் செல்லும்?

சட்டம் படித்த எவரும் இதில் சந்தேகம் கொள்ள நியாயமில்லை. வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ், ஆட்டவாவிலும் மெக்ஸிகோ நகரிலும் செல்லுபடியாகும் சட்டம் செய்ய முடியாது. இருந்தும், எல்லையை நெருங்கும்போது இந்த எளிய உண்மை பலருக்கு மறந்துபோகிறது. வடக்கே கனடா எல்லையில் மோட்டாரில் வந்து சேரும் அமெரிக்கர்களிடம் சுங்க அதிகாரிகள் கேட்கும் கேள்விகளில், ஆயுதம் இருக்கிறதா என்பது ஒன்று. உண்டு என்று உள்ளபடி சொன்னவர் பெரும்பாலும் திருப்பி அனுப்பப்படுகிறார். இல்லை என்று சொல்லிவிட்டு, இருக்கைக்கு அடியில் ஒன்று அகப்பட்டால் கைது, பறிமுதல், வழக்கு. தற்காப்புக்காகக் கொண்டுவந்தேன் என்பதைக் கனடா தேசத்தார் ஒரு காரணமாகவே ஏற்பதில்லை. மனிதர் முகத்தில் தெளிக்கும் மிளகுத் தைலக் குப்பியையே தடை செய்யப்பட்ட ஆயுதமாகக் கருதும் நாடு அது. 2022-ஆம் வருஷத்தில் கைத்துப்பாக்கிகளை விற்பதையும் வாங்குவதையும், தனி மனிதர் இறக்குமதி செய்வதையும் கனடா சர்க்கார் நிறுத்திவிட்டார்கள். 2023 டிசம்பரில் பார்லிமெண்ட் அதைச் சட்டமாகவே உறுதிப்படுத்திற்று. பென்ஷன் பெறும் அமெரிக்கப் போலீஸ்காரர் என்பதற்காக இதில் ஒரு சந்து வைக்கவில்லை.

தெற்கே மெக்ஸிகோவின் கடுமைக்கு வேறு காரணமும் உண்டு. அந்நாட்டில் இராணுவம் நடத்தும் கடைகளில் அன்றிச் சட்டப்படி துப்பாக்கி வாங்க இடமில்லை. ஆனால் கள்ளக் கூட்டத்தார் கையிலுள்ள துப்பாக்கிகளில் பெரும் பங்கு வடக்கேயிருந்து எல்லை கடந்து வருபவையே. இதைப் பொறுக்கமாட்டாமல் மெக்ஸிகோ சர்க்கார் 2021-ஆம் வருஷத்தில் அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனிகள் மீது அமெரிக்கக் கோர்ட்டிலேயே வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அவ்வழக்கை ஏகமனதாகத் தள்ளிவிட்டது. கோர்ட்டில் பரிகாரம் கிடைக்காத தேசம் சுங்கச் சாவடியில் கண்டிப்பாக இருப்பதில் ஆச்சரியம் என்ன? 2014-ஆம் வருஷத்தில், அமெரிக்கக் கடற்படைக் காலாட் பிரிவில் பணிபுரிந்து ஆப்கானிஸ்தான் யுத்தத்தைக் கண்டு மனம் நொந்திருந்த ஒருவர், தம் வண்டியில் மூன்று துப்பாக்கிகளுடன் டிஜுவானா எல்லையில் பிடிபட்டார். வழி தவறி வந்துவிட்டதாகச் சொன்னார். ஏழு மாதம் சிறையில் இருந்தபின், அவருடைய மனநிலையை முன்னிட்டு நீதிபதி விடுவித்தார். அவர் போலீஸ்காரர் அல்லர். ஆனால் தேசத்துக்கு உழைத்தவர் என்ற பெயர் எல்லைக்கு அப்பால் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அவர் கதையே போதும்.

சலுகை கேட்பவர்களின் பலமான வாதம், ஆபத்து என்பது. சிறைக்கு அனுப்பப்பட்டவன் விடுதலையாகிப் பழிவாங்கத் தேடி வரலாம். அவன் தேச எல்லையைப் பார்ப்பானா என்கிறார்கள். இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. 1985-ஆம் வருஷம் குவாதலஹாரா நகரில் அமெரிக்கப் போதை மருந்துத் தடுப்பு இலாகாவின் உத்தியோகஸ்தர் எண்ரிக்கே கமரேனா கடத்திச் செல்லப்பட்டுச் சித்திரவதை செய்து கொல்லப்பட்டதை யார் மறுக்க முடியும்? ஆனால் அந்தக் கொலைக்குப் பிறகுங்கூட, மெக்ஸிகோ தன் மண்ணில் அன்னியப் போலீஸார் ஆயுதம் தரிக்கச் சட்டத்தில் இடம் கொடுத்துவிடவில்லை. முப்பது வருஷம் கழித்து, 2015-ஆம் வருஷத்தில்தான் சட்டத்தைத் திருத்தி, சில சுங்க, குடியேற்ற உத்தியோகஸ்தர்களுக்கும், விருந்தினராக வரும் தலைவர்களின் மெய்காவலர்களுக்கும் மட்டும் குறுகிய அனுமதி வழங்கிற்று. அவர்களெல்லாம் பணியில் உள்ளவர்கள். இரு சர்க்காருக்கும் தெரிந்து, பெயர் கொடுத்து வருபவர்கள். உயிரைப் பணயம் வைத்து உத்தியோகம் பார்த்தவர்களுக்கே கிடைக்காத ஒன்றை, விடுமுறைக்குக் கடற்கரை பார்க்க வரும் பென்ஷன்தாரர் எந்த முகத்தோடு கேட்பது?

ஆபத்து உண்மையாக இருக்குமிடத்தில் என்ன செய்வது என்பதற்கு வட அயர்லாந்து ஒரு வழி காட்டுகிறது. பிரிட்டனில் 1996-ஆம் வருஷம் மார்ச் 13-ந் தேதி டன்பிளேன் பள்ளிக்கூடத்தில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்கு அடுத்த வருஷம் இரண்டு சட்டங்களின் மூலம் கைத்துப்பாக்கிகள் அநேகமாக முற்றிலும் தடை செய்யப்பட்டன; 1,60,000-க்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளை ஜனங்கள் நஷ்டஈடு பெற்று ஒப்படைத்தார்கள். அந்தத் தடை வட அயர்லாந்துக்குப் பொருந்தவில்லை. அங்கே பல வருஷம் நடந்த உள்நாட்டுக் கலகத்தில் போலீஸார் வீட்டு வாசலிலேயே சுடப்பட்டனர். ஆகவே உயிருக்குக் குறிப்பான ஆபத்து உண்டென்று விசாரித்து அறிந்த இடத்தில், விலகிய போலீஸார் உட்படத் தனி நபர்களுக்குத் தற்காப்புக் கைத்துப்பாக்கி அனுமதிக்கப்படுகிறது. ஆளைப் பார்த்து, ஆபத்தைப் பார்த்துக் கொடுக்கும் அனுமதி அது. அதுவும் அந்த மண்ணோடு சரி. சிறிய கடல் ஒன்றைக் கடந்து ஸ்காட்லாந்தில் இறங்கினால் அங்கே கைத்துப்பாக்கி தடை. ஒரே முடியரசு, ஒரே பார்லிமெண்ட், இருந்தும் கரைக்குக் கரை சட்டம் வேறு. வீட்டுக்கு வீடு வாசற்படி என்று நம்மவர்கள் சொல்வது நாட்டுக்கு நாடும் பொருந்தும்.

நமது அபிப்பிராயத்தில் இவ்விஷயத்தின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. போலீஸ்காரன் இடுப்பில் இருக்கும் துப்பாக்கி யாருடையது? அவனுடையதா? அல்ல. ஓர் ஊரின் ஜனங்கள், தங்கள் பிரதிநிதிகள் செய்த சட்டத்தின் மூலம், தங்களைக் காப்பதற்காக அவனிடம் ஒப்படைத்தது. அதைத் தவறாகப் பிரயோகித்தால் அந்த ஜனங்களின் கோர்ட்டில் அவன் பதில் சொல்லவேண்டும். அவன் மேலதிகாரி பதில் சொல்லவேண்டும். மந்திரி சட்டசபையில் பதில் சொல்லவேண்டும். இந்தச் சங்கிலியில்தான் ஆயுதத்தின் நியாயம் கட்டப்பட்டிருக்கிறது. உத்தியோகம் முடிந்த அன்றே சங்கிலியின் பெரும்பகுதி அறுந்துபோகிறது. எல்லையைக் கடந்த அன்று மிச்சமுள்ளதும் அறுந்துவிடுகிறது. மிஞ்சுவது ஒரு மனிதனும் ஒரு துப்பாக்கியும். அவனுக்குக் குறி தவறாது என்பது உண்மையாயிருக்கலாம். ஆனால் அந்த ஊர்ப் பாஷை தெரியாது. வீதியில் கூச்சலிட்டு ஓடுகிறவன் திருடனா, திருடனைத் துரத்துகிறவனா என்பது தெரியாது. உள்ளூர்ப் போலீஸாருக்கு இவன் யாரென்பதும் தெரியாது.

தன் நாட்டுச் சட்டத்தை மூட்டை கட்டிக்கொண்டு அயல் நாட்டில் நடமாடும் வழக்கம் உலகுக்குப் புதிதல்ல. சீன தேசத்தில் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் குற்றம் செய்தால் சீனக் கோர்ட்டு விசாரிக்க முடியாது; அவரவர் நாட்டுக் கோர்ட்டே விசாரிக்கும் என்ற அவமானமான ஏற்பாடு நூறு வருஷம் நடந்து, 1943-ஆம் வருஷத்தில்தான் ஒழிந்தது. நம் தேசத்தில் நடந்ததோ அதைவிட விசித்திரம். லிட்டன் பிரபு காலத்தில் 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்த மண்ணில் பிறந்தவன் காட்டுப்பன்றியை விரட்டவும் லைஸென்ஸுக்குக் கைகட்டி நிற்கவேண்டும்; ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த ஐரோப்பியனுக்கோ விலக்கு. அதே வருஷத்தில் அதே லிட்டன் பிரபு சுதேச பாஷைப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் கொண்டுவந்ததையும், அதில் இங்கிலீஷ் பத்திரிகைகளுக்கு விலக்கு அளித்ததையும், பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கமாட்டோம். பேனாவுக்கும் துப்பாக்கிக்கும் ஒரே கொல்லன் செய்த பூட்டு! பத்திரிகைப் பூட்டை ரிப்பன் பிரபு காலத்தில் எடுத்துவிட்டார்கள். ஆயுதச் சட்டமோ, சுதந்திர இந்தியா 1959-ஆம் வருஷத்தில் தன் சொந்தச் சட்டத்தைச் செய்யும் வரை ஏட்டில் நீடித்தது. 1931-ஆம் வருஷம் கராச்சிக் காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை ஜீவாதார உரிமைகளில் ஒன்றாகத் தீர்மானித்ததற்குக் காரணம், வீதிதோறும் வெடிச்சத்தம் கேட்கவேண்டும் என்ற ஆசையல்ல. மனிதனுக்கு மனிதன் விதி வேறாக இருக்கலாகாது என்ற ரோஷமே. அரசியல் சட்டத்தில் அவ்வுரிமை இடம்பெறவில்லை. அதற்காக இன்று வருந்துவோர் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். ஆனால் அந்த ரோஷம் நியாயமானது.

அமெரிக்கரின் கோரிக்கையை அந்த நியாயத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். திருநெல்வேலியில் முப்பது வருஷம் உழைத்து விலகிய ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர், சிக்காகோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மடியில் ஒரு ரிவால்வரைச் செருகிக்கொண்டு இறங்கினால் அமெரிக்கா என்ன செய்யும்? அதற்கு யூகம் வேண்டியதில்லை. சட்டம் தெளிவாக இருக்கிறது. தாற்காலிக விஸாவில் வரும் அன்னியர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் 1998-ஆம் வருஷம் முதல் பொதுவாகத் தடை செய்கிறது. விலக்குகள் சில உண்டு. வேட்டை லைஸென்ஸ் பெற்றவருக்கு உண்டு. நேச நாட்டுப் போலீஸ் உத்தியோகஸ்தர், உத்தியோக காரியமாக வந்தால் அவருக்கும் உண்டு. விலகிய அன்னியப் போலீஸ்காரர் என்று ஒரு விலக்கு அதில் கிடையாது. தன் வாசலில் பிறரை நிறுத்தும் விதியை, பிறர் வாசலில் தனக்குத் தளர்த்தும்படி எப்படிக் கேட்பது? பரஸ்பரம் என்ற சொல்லை அயல்நாட்டு உறவில் வாய் ஓயாமல் உச்சரிக்கும் தேசத்தின் பிரஜைகள் இதை அறியாமலிருக்க முடியாது.

நம் சட்டத்தின் நிலையும் இதுவே. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, பொது ஊழியர் தம் கடமையைச் செய்யும்போது வைத்திருக்கும் ஆயுதத்துக்கு விலக்கு அளிக்கிறது. கடமை முடிந்தால் விலக்கும் முடிந்தது. நம் மாகாணத்தில் போலீஸ் இலாகாவின் உச்சியில் இருந்து விலகியவராயினும், சொந்தத் துப்பாக்கி வேண்டுமானால் லைஸென்ஸுக்கு மனுப் போடவேண்டியவரே. 10-வது பிரிவில் அன்னிய நாட்டு உல்லாசப் பிரயாணிகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது. மத்திய சர்க்கார் குறிப்பிடும் நாட்டைச் சேர்ந்தவராய், தம் நாட்டுச் சட்டத்தால் தடுக்கப்படாதவராய் இருப்பவர், நியாயமான அளவில் ஆயுதம் கொண்டுவரலாம். ஆனால் விளையாட்டுக்கு மட்டும், வேறெதற்கும் இல்லை என்று சட்டம் அழுத்திச் சொல்லுகிறது. அமெரிக்கச் சட்டம் வேட்டைக்காரனை அனுமதிக்கிறது. நம் சட்டம் விளையாட்டுக்காரனை அனுமதிக்கிறது. தற்காப்பு என்று சொல்லி வருபவனை இரண்டும் வாசலில் நிறுத்துகின்றன. இதில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. விருந்தாளியைக் காப்பது வீட்டுக்காரன் பொறுப்பு. அப்பொறுப்பை விருந்தாளியே எடுத்துக்கொண்டால், வீட்டுக்காரன் வீட்டில் அவனுக்கு என்ன வேலை?

இனித் தூத்துக்குடிக்கு வருவோம். 2013-ஆம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி, ‘ஸீமன் கார்டு ஒஹையோ’ என்ற கப்பலை நமது கடலோரக் காவற்படை தடுத்து நிறுத்தித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கப்பல். பறந்ததோ ஸியெரா லியோன் கொடி. கடற்கொள்ளைக்காரரிடமிருந்து வர்த்தகக் கப்பல்களைக் காக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட காவலர் 25 பேரும், மாலுமிகள் 10 பேரும் அதில் இருந்தனர். பிரிட்டிஷார் 6, எஸ்தோனியர் 14, உக்ரேனியர் 3, இந்தியர் 12. பிரிட்டிஷார் அறுவரும் பட்டாளத்திலிருந்து விலகியவர்கள். 35 துப்பாக்கிகளும் 5,000-க்கு மேற்பட்ட தோட்டாக்களும் கிடைத்தன. கரையிலிருந்து 12 கடல் மைல் நம் எல்லை. அதற்குள் அனுமதியின்றி ஆயுதங்களோடு வந்தார்கள் என்பது வழக்கு. எரிபொருள் குறைந்தும் புயலுக்கு அஞ்சியும் ஒதுங்கினோம் என்பது எதிர்வாதம்.

இதற்கு இருபது மாதம் முன்புதான் கேரளக் கரைக்கு அப்பால் வேறொரு கோரம் நடந்திருந்தது. 2012 பிப்ரவரி 15-ந் தேதி, ‘என்ரிக்கா லெக்ஸி’ என்ற இத்தாலியக் கப்பலில் காவலிருந்த இத்தாலியக் கடற்படையினர், மீன்பிடி படகிலிருந்த இருவரைக் கொள்ளைக்காரர் என்று எண்ணிச் சுட்டுக் கொன்றனர். மாண்டவர்களில் ஒருவர் நமது கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர். வலை வீசப் போனவன் பிணமாகத் திரும்பினான். அந்த வழக்கு எப்படி முடிந்தது? சுட்டவர்கள் பணியிலுள்ள இராணுவத்தார், சர்க்கார் காரியமாகச் செய்தார்கள் என்ற காரணத்தால், அவர்களை நம் கோர்ட்டு விசாரிக்க முடியாது என்று 2020-ஆம் வருஷத்தில் சர்வதேச மத்தியஸ்த சபை தீர்ப்பளித்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்டியது. 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் இங்கிருந்த நடவடிக்கைகளை முடித்துவிட்டது. தீர்ப்பு நமக்குத் திருப்தியளிக்கவில்லை என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அதில் உள்ள சட்டத்தைக் கவனிக்கவேண்டும். பணியிலுள்ளவன் பின்னால் அவன் ராஜாங்கம் நிற்கிறது. நஷ்டத்துக்கு அந்த ராஜாங்கம் பதில் சொல்லுகிறது. விலகியவன் பின்னால் யார் நிற்பார்கள்?

ஒஹையோ கப்பலின் ஆட்களைக் கேட்டால் தெரியும். அவர்களைப் பாளையங்கோட்டைச் சிறையில் வைத்தார்கள். பின்னர் ஜாமீன் கிடைத்தது, ஊர் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. 2014-ஆம் வருஷத்தில் மதுரை ஹைகோர்ட் கிளை ஆயுதக் குற்றச்சாட்டைத் தள்ளிற்று. 2015-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. 2016 ஜனவரியில் தூத்துக்குடிக் கோர்ட்டில் எல்லோருக்கும் ஐந்து வருஷக் கடுங்காவல். 2017 நவம்பர் 27-ந் தேதி மதுரையில் எல்லோருக்கும் விடுதலை. குற்றவாளிகள் அல்லர் என்று கடைசியில் முடிவான மனிதர்கள், அதைத் தெரிந்துகொள்ள நான்கு வருஷம் காத்திருந்தார்கள். அவர்களில் பன்னிருவர் நமது தேசத்தவர் என்பதும் பலருடைய ஞாபகத்தில் இல்லை. பிரிட்டிஷ் அறுவருக்காக லண்டனில் மனுக்கள் குவிந்தன; நமது பன்னிருவருக்காகக் குரல் எழுப்பியவர்கள் சொற்பம். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆயுதச் சட்டம் கண்டிப்பாக இருக்கவேண்டும் என்று வாதிக்கும் நாமே இதை ஏன் எடுத்துச் சொல்லுகிறோம்? கண்டிப்பு வேறு, கால தாமதம் வேறு. அன்னியன் என்பதற்காக ஒருவனுக்குச் சட்டத்தை வளைக்கக்கூடாது; அன்னியன் என்பதற்காக அவன் வழக்கை வருஷக்கணக்கில் இழுக்கவும் கூடாது. விமான நிலையங்களில் அவ்வப்போது நடப்பதைப் பார்க்கிறோம். பழைய பையின் மூலையில் ஒரே ஒரு தோட்டா அகப்படுகிறது. ஊரில் குறி சுடப் போனபோது விழுந்தது. பையை மாற்ற மறந்தேன் என்கிறான். துப்பாக்கி இல்லை, துர் எண்ணமும் இல்லை. ஆயினும் கைது, வழக்கு, பாஸ்போர்ட் முடக்கம். ஆயுதத்தை வைத்திருந்தான் என்று சொல்லவேண்டுமானால், அது தன்னிடம் இருக்கிறதென்ற பிரக்ஞை அவனுக்கு இருந்திருக்கவேண்டும் என்று 1972-ஆம் வருஷத்தில் குன்வந்த்லால் வழக்கிலும், 1994-ஆம் வருஷத்தில் சஞ்சய் தத் வழக்கிலும் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதைப் பின்பற்றி ஹைகோர்ட்டுகள் இத்தகைய வழக்குகள் பலவற்றை ரத்துச் செய்தும் வருகின்றன. ஹைகோர்ட் வரை போய்ப் பெறவேண்டிய நியாயத்தை, முதல் நாளிலேயே ஒரு பொறுப்புள்ள போலீஸ் அதிகாரி விசாரித்து, தோட்டாவைப் பறிமுதல் செய்து, எழுதி வாங்கிக்கொண்டு வழங்க முடியாதா? முடியும், அதற்கு டில்லி சர்க்கார் ஒரு தெளிவான உத்தரவு பிறப்பிக்கவேண்டும்.

மற்றொரு காரியமும் அவர்கள் செய்யலாம். விஸா மனுவில் எத்தனையோ கேள்விகள் கேட்கிறோம்; பாட்டனார் பிறந்த இடம் வரையில் விசாரிக்கிறோம். உங்கள் நாட்டில் பெற்ற ஆயுத அனுமதி எதுவும், பணியில் இருந்தாலும் விலகியிருந்தாலும், இங்கே செல்லாது என்ற ஒரு வரியை அதே தாளில் பெரிய எழுத்தில் அச்சிடுவதற்கு என்ன செலவு? அமெரிக்காவிலும் வருஷந்தோறும் குறி சுடும் பரீட்சை நடத்தும் இலாகாக்கள், பரீட்சையில் தேறியவரிடம் சீட்டைக் கொடுக்கும்போதே இது இந்நாட்டுக்குள் மட்டும் என்று சொல்லிக் கொடுத்தால் எல்லைச் சாவடிகளில் பாதிக் கண்ணீர் குறையும். அந்தச் சலுகையை இன்னும் விரிக்கச் சொல்லி வாஷிங்டன் காங்கிரஸில் மசோதாக்கள் வந்திருக்கின்றன. விரிப்பது அவர்கள் பாடு. தங்கள் ஜனங்களின் வீதிகளைப் பற்றித் தீர்மானிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

கப்பல் விஷயம் இன்னும் தீரவில்லை. கூலிக் காவலர் ஏறிய கப்பல்கள் இந்து மகா சமுத்திரத்தில் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. புயல் அடித்தால் ஒதுங்கத்தான் செய்யும். ஒதுங்கும் கப்பல் யாருக்கு, எத்தனை நாழிகைக்குள் தகவல் சொல்லவேண்டும். ஆயுத அறைக்கு யார் முத்திரை வைப்பது. சாவி யாரிடம் இருப்பது. புயல் ஓய்ந்தபின் யார் உத்தரவில் அது திரும்பிப் போவது என்பவற்றைத் தூத்துக்குடி, சென்னை, கொச்சித் துறைமுகங்களில் உள்ள கடைசிச் சிப்பந்திக்கும், கடலுக்குப் போகும் நமது மீனவர்க்கும் விளங்கும்படி தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு ஒட்டவேண்டும். 2013-ஆம் வருஷத்தில் அப்படி ஒரு தாள் துறைமுகச் சுவரில் இருந்திருந்தால், ஒஹையோ கப்பலின் தலைவனுக்கும் காவற்படையினருக்கும் அன்றிரவே தங்கள் தங்கள் கடமை என்னவென்று தெரிந்திருக்கும்.